கையில் கனக்காத தோட்ட ஹோஸ்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

தோட்ட ஹோஸ் விற்கும் அட்டைப்பெட்டிகளில் 'எடை குறைந்தது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள், அது தண்ணீர் இல்லாத வெறும் ஹோஸின் எடை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கடையில் சுருட்டி வைத்திருக்கும் ஹோஸைத் தூக்கிப் பார்த்தால் எல்லாமே ஓரளவு லேசாகத்தான் இருக்கும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, முழுக்கத் தண்ணீர் நிரம்பிய அதே ஹோஸைக் கடைசிச் செடிவரை இழுத்துக்கொண்டு போகும்போது தோளும் மணிக்கட்டும் உணர்வது வேறொரு கனம். இந்தக் கனத்தைத்தான் ஹோஸின் உண்மையான எடையாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல வகை ஹோஸ்களை நெடுநாள் பயன்படுத்தியும், விரல் மூட்டுகளில் வலியுள்ள என் அம்மா அவற்றை எப்படிக் கையாள்கிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தும் நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தண்ணீரின் எடையைக் கணக்கிட்டுவிடலாம். 15 மீட்டர் நீளமுள்ள ஹோஸின் உள்விட்டம் அரை அங்குலமாக இருந்தால் அதற்குள் ஏறத்தாழ 1.9 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது 1.9 கிலோ. அதே நீளத்தில் 5/8 அங்குல ஹோஸ் 3 கிலோ தண்ணீரையும், முக்கால் அங்குல ஹோஸ் 4.3 கிலோ தண்ணீரையும் சுமக்கும். முக்கால் அங்குல ஹோஸை 30 மீட்டர் நீளத்துக்கு வாங்கினால், ஹோஸின் சொந்த எடை போகத் தண்ணீர் மட்டுமே எட்டரைக் கிலோவைத் தாண்டிவிடும். எனவே எந்த மூலப்பொருளால் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை மீட்டர், எவ்வளவு விட்டம் என்ற இரண்டு கேள்விகளையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இருக்கட்டுமே என்று கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு ஐந்து மீட்டரும் நாள்தோறும் வீணாக இழுக்கப்படும் சுமைதான். குழாயிலிருந்து கடைசிச் செடிவரை, சுவர்களையும் தொட்டிகளையும் சுற்றிப் போகும் வழியிலேயே ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து, அதோடு ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் சேர்த்துக்கொள்வது போதும்.

அப்படியானால் இருப்பதிலேயே மெல்லிய ஹோஸை வாங்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தண்ணீரின் அழுத்தம் குறுக்கே வருகிறது. ஹோஸின் உட்சுவரில் உரசி ஓடும் தண்ணீர் வழியெல்லாம் அழுத்தத்தை இழந்துகொண்டே போகும். ஒரே அளவு தண்ணீர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், இந்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். அதாவது விட்டம் பாதியானால் இழப்பு 32 மடங்காகும். நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீர், 15 மீட்டர் நீளமுள்ள அரை அங்குல ஹோஸில் ஓடும்போது சுமார் 0.4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வழியிலேயே போய்விடும். 5/8 அங்குல ஹோஸில் அந்த இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குதான். முக்கால் அங்குலத்தில் பொருட்படுத்த வேண்டாத அளவு.

இந்த 0.4 பார் பெரிதா சிறிதா என்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு, மூன்று பார் அழுத்தத்தில் வரும் விநியோகக் குழாயிலோ அழுத்தம் கூட்டும் மோட்டாரிலோ இணைக்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அரை அங்குலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து புவியீர்ப்பால் மட்டுமே இறங்கும் தண்ணீரின் நிலை வேறு. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் தரும். தொட்டியின் நீர்மட்டம் ஹோஸின் முனையைவிட ஐந்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பதே அரை பார்தான். அதில் 0.4 பாரை ஹோஸிலேயே தொலைத்துவிட முடியாது என்பதால், தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடாமல், முனையில் நூலாக விழத் தொடங்கிவிடும். அத்தகைய வீடுகளில் விட்டத்தைக் குறைத்து எடையை மிச்சப்படுத்தப் பார்ப்பது வீண். அங்கே விட்டத்தை 5/8 அல்லது முக்கால் அங்குலமாக வைத்துக்கொண்டு நீளத்தைக் குறைப்பதே முறை. தேவைப்பட்டால் தோட்டத்தின் மறுபக்கத்தில் இன்னொரு குழாய் வைத்துக்கொள்வது நீண்ட ஹோஸை இழுப்பதைவிட எவ்வளவோ மேல். உங்கள் குழாயின் நிலையை அறிய ஒரு பத்து லிட்டர் வாளியே போதும். ஹோஸ் இல்லாமல் குழாயை முழுக்கத் திறந்து வாளியை நிரப்புங்கள். அரை நிமிடத்துக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் வருகிறது என்று பொருள். பிறகு, இப்போது வீட்டில் இருக்கும் ஹோஸை மாட்டி அதே வாளியை மீண்டும் நிரப்பிப் பார்த்தால், அந்த ஹோஸ் எவ்வளவைத் தின்கிறது என்பது தெரிந்துவிடும்.

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று இழுவை. தரையில் நேராகக் கிடக்கும் ஹோஸை இழுப்பது கடினமில்லை. அது ஒரு மூலையைச் சுற்றித் திரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சொரசொரப்பான சிமென்ட் மூலையில் ஹோஸ் ஒரு செங்கோணத் திருப்பம் எடுத்தால், இழுக்கத் தேவைப்படும் விசை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. அடுத்து ஒரு தொட்டியைச் சுற்றி இன்னொரு திருப்பம் எடுத்தால் நான்கு மடங்கைத் தாண்டுகிறது. திருப்பங்கள் கூடக் கூட விசை கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும் என்பதால்தான், நல்ல எடைகுறைந்த ஹோஸ்கூடச் சில வீடுகளில் நகரவே மறுக்கிறது. திருப்பங்களில் வழவழப்பான உருளையையோ, நட்டுவைத்த ஒரு குட்டையான பிளாஸ்டிக் பைப்பையோ வைத்து ஹோஸ் அதன்மேல் வழுக்கிப் போகும்படி செய்தால், அம்மாவைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். வெளிப்புறம் ஒட்டும் தன்மையுள்ள ரப்பர், இந்த விஷயத்தில் வழவழப்பான பரப்புள்ள ஹோஸைவிடப் பின்தங்கியே நிற்கும்.

மடிப்பு விழுவதும் எடையைப் போலவே தொல்லை தருவது. வழியில் எங்கோ ஓரிடத்தில் ஹோஸ் மடங்கித் தண்ணீர் நின்றுபோனால், வயதானவர் அங்கிருந்து திரும்பி நடந்து, குனிந்து, அதை நிமிர்த்திவிட்டு மீண்டும் வர வேண்டியிருக்கிறது. ஹோஸ் எவ்வளவு லேசாக இருந்தாலும் இந்தக் குனிதல் அதன் பயனைக் கெடுத்துவிடும். சாதாரண பிவிசி ஹோஸில் ஒருமுறை மடிப்பு விழுந்த இடத்தைக் கவனித்துப் பார்த்தால், குறுக்கே வெளிறிய வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். அந்த இடத்தில் பொருள் தளர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்; அடுத்த முறையும் அதே இடத்தில்தான் மடங்கும், சில மாதங்களில் அதே கோட்டில்தான் விரிசலும் காணும். சுவர் மெலிந்து விட்டம் பெரிதாக இருக்கும் ஹோஸ்கள் எளிதில் மடியும். எடையைக் குறைப்பதாகச் சொல்லிச் சுவரை மட்டும் மெலிதாக்கிய மலிவான முக்கால் அங்குல ஹோஸ்களை இதனாலேயே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி வகைகளுக்கு வருவோம். எடைகுறைந்த ஹோஸ் என்றதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது, தண்ணீர் விட்டதும் நீண்டு, நிறுத்தியதும் சுருங்கிக்கொள்ளும் விரியும் ஹோஸ். அமெரிக்காவில் மைக்கேல் பெரார்டி என்பவருக்கு 2012-இல் இதற்கான காப்புரிமை கிடைத்தது. பின்னர் இந்தக் கண்டுபிடிப்பில் கேரி ராக்னர் என்பவருக்கும் பங்குண்டு என்று வழக்கு எழுந்து, அவரையும் இணைக் கண்டுபிடிப்பாளராகச் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்பை 2023-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. அமைப்பு எளிமையானது: உள்ளே லேட்டக்ஸ் போன்ற மீள்தன்மையுள்ள மெல்லிய ட்யூப், வெளியே சுருக்கங்களோடு கூடிய பாலியஸ்டர் துணியுறை. இரண்டும் முனைகளில் மட்டுமே ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். நடுவில் எங்கும் ஒட்டியிருக்காது. உள்ளே அழுத்தம் ஏறியதும் ட்யூப் நீண்டும் பருத்தும் துணியுறையை நிரப்பி, பெரும்பாலும் மூன்று மடங்கு நீளம்வரை விரியும். தண்ணீரை நிறுத்தி முனையைத் திறந்துவிட்டால் மிச்சத் தண்ணீரைத் தானே வெளியே தள்ளிவிட்டுப் பழைய நீளத்துக்குத் திரும்பும். விரிந்தபின் 15 மீட்டர் வரும் ஹோஸின் வெற்று எடை, இணைப்புகளோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். பயன்படுத்தி முடித்ததும் சுருட்டும் வேலையே இல்லை. ஒரு சின்ன வாளிக்குள் போட்டுவிடலாம். இந்த வசதியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். சுருட்டும் வேலைதான் முதுகுக்கும் தோளுக்கும் மிகுந்த வலி தருவது என்பதை அம்மாவிடம் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளாமல் இதை வாங்கக் கூடாது. முதலாவது, இது விரிவதற்கு நல்ல அழுத்தம் வேண்டும். முழு நீளம் பெற ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தைத் தயாரிப்பாளர்கள் பலரும் எதிர்பார்க்கிறார்கள். மொட்டைமாடித் தொட்டியின் அரை பாரில் இது பாதிகூட விரியாது. வாங்கியவர் பொருளில் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போவார். முனையில் நாசில் (தண்ணீரைத் தெளிக்கவும் நிறுத்தவும் உதவும் மூக்கு) மாட்டாமல் திறந்துவிட்டாலும் உள்ளே அழுத்தம் நிற்காது என்பதால் இது விரியாது. ஒரு வாளியை வேகமாக நிரப்ப விரும்புகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல.

இரண்டாவது, விரிந்த நிலையிலும் இது சுருங்கத்தான் முயன்றுகொண்டிருக்கும். நாசிலை அகலத் திறந்தால் உள்ளழுத்தம் இறங்கி ஹோஸ் மெல்லப் பின்னோக்கி இழுக்கும். பலமுள்ள கைக்கு இது தெரியாது. பிடிப்பு குறைந்த கைக்கு, தண்ணீர் விடும் நேரம் முழுவதும் ஒரு சிறு இழுவையை எதிர்த்து நிற்பதாகவே இருக்கும். எடையில் மிச்சப்பட்டதில் ஒரு பகுதியை இந்த இழுவை திருப்பிக் கேட்டுவிடுகிறது.

மூன்றாவதுதான் முதன்மையானது: ஆயுள். நாங்கள் பயன்படுத்திய விரியும் ஹோஸ் ஒன்று நல்ல வெயில் நேரத்தில் அழுத்தத்தோடு கிடக்கும்போது உள்ளே கிழிந்தது. துணியுறை கிழியவில்லை என்பதால் முதலில் ஒன்றும் புலப்படவில்லை. குழாய்ப் பக்கத்து முனையில் துணி கனத்துப் பை போல உப்பி, அதன் இழைகளின் வழியே தண்ணீர் வியர்ப்பதுபோலக் கசிந்தது. உறையை விலக்கிப் பார்த்தபோது, பித்தளை இணைப்புக்கு ஒரு விரற்கடை தள்ளி, உள் ட்யூப் நீளவாக்கில் பிளந்திருந்தது. ட்யூப் அதிகம் நீள்வதும் நீளவே முடியாத இணைப்பைச் சந்திப்பதும் அந்த இடத்தில்தான் என்பதால், இவ்வகை ஹோஸ்கள் பெரும்பாலும் அங்கேயே போகின்றன. நடுவில் கிழிந்தாலாவது வெட்டி இணைக்கலாமே என்றால், துணியுறையும் ட்யூபும் தனித்தனியாக இருப்பதால் அதுவும் எளிதில்லை. உற்பத்தியாளருக்கு எழுதியதற்கு, வெயிலில் வைத்ததால் உத்தரவாதம் செல்லாது என்று பதில் வந்தது. தோட்டத்தில் பயன்படுத்தவென்று விற்கும் பொருளை வெயிலில் வைக்கக் கூடாது என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் இப்பொருளின் இயல்பு அதுதான். தண்ணீர் விட்டு முடித்ததும் குழாயை மூடி, நாசிலை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறக்கி, நிழலில் வைக்கும் ஒழுங்கு உள்ளவர்களுக்கு மட்டுமே இது நீடிக்கும். நாசிலின் விசையைச் சட்டென்று விடும்போது ஓடும் தண்ணீர் திடீரென நின்று அழுத்தம் ஒரு கணம் எகிறும். அந்த அதிர்ச்சியும் மெல்லிய ட்யூபை நைந்துபோகச் செய்கிறது. வாங்குவதென்றால் உள்ளே ஒற்றை அடுக்கு இல்லாமல் இரண்டு மூன்று அடுக்கு ட்யூப் உள்ளதையும், முனைகள் பித்தளையில் ஆனதையும் பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள் என்று கருதியே வாங்குங்கள்.

நான் முதலிடம் கொடுப்பது பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த அரை அங்குல ஹோஸுக்குத்தான். இந்தப் பொருள் தேய்மானத்தை மிக நன்றாகத் தாங்கும் என்பதால் சுவரை மெலிதாகவே வைத்துச் செய்ய முடிகிறது. 15 மீட்டர் ஹோஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவில் கிடைக்கிறது. தண்ணீரோடு சேர்த்தாலும் மூன்றரைக் கிலோவைத் தாண்டாது. குளிரிலும் விறைக்காது. வெளிப்பரப்பு வழவழப்பாக இருப்பதால் மூலைகளில் இழுவை குறைவு. மடிப்பு விழுந்தாலும் பிவிசியைப் போல வடு தங்காமல், நீட்டிவிட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. விரியும் ஹோஸைப் போலக் கையை இழுக்காது. அம்மா எந்த உதவியும் இல்லாமல் தோட்டத்தின் கடைசி வரிசைவரை கொண்டுபோகும் ஹோஸ் இதுதான். ஒரு கையில் நாசிலைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரல்களால் மட்டும் ஹோஸைத் தூக்கித் தொட்டியின் மேல் போட அவரால் முடிகிறது. வேறெந்த ஹோஸிலும் இதை நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு. குழாயோடு சேரும் இடத்தில் தன் எடையாலேயே தொங்கி மடங்கும். அங்கே ஒரு சுருள்கம்பிக் காப்பு அல்லது கீழ்நோக்கி வளைந்த இணைப்பு அவசியம். சுருட்டும்போது வழுக்கி அவிழ்ந்துகொள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பாலியூரிதேனில் இரண்டு வகைகள் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பாலியஸ்டர் அடிப்படையில் ஆனது வெதுவெதுப்பான தண்ணீரிலும் ஈரத்திலும் நாளடைவில் சிதைந்துவிடும். பாலியீதர் அடிப்படையில் ஆனது தண்ணீரைத் தாங்கும். தோட்டத்துக்கு வேண்டியது பின்னதுதான். பெட்டியின் மேல் அது குறிக்கப்படாவிட்டால், காற்று அழுத்தக் கருவிகளுக்கு விற்கும் பாலியூரிதேன் ட்யூபை மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்ணீருக்கு வாங்கிவிட வேண்டாம்.

பாலியூரிதேன் கிடைக்காத இடங்களில், பிவிசியோடு ரப்பரையோ வேறு மென்மையான பாலிமரையோ கலந்து செய்த கலப்பு ஹோஸ்கள் நல்ல மாற்று. அரை அங்குலத்தில் 15 மீட்டருக்கு இரண்டு கிலோ அளவில் வரும்; சாதாரண பிவிசியைவிட நன்றாக வளையும், தரையில் நேராகவும் படுக்கும். தொட்டித் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் இந்த வகையில் 5/8 அங்குலத்தை, எட்டு அல்லது பத்து மீட்டர் நீளத்துக்கு மட்டும் வாங்கிக்கொள்வது அவர்களின் நிலைமைக்கு மிகப் பொருந்தும். வலுவூட்டும் நூல் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே எப்படிப் போகிறது என்பதை, ஒளி புகும் ஹோஸாக இருந்தால் பார்க்கலாம். சில பின்னல்களில் அழுத்தம் ஏறியதும் ஹோஸ் பாம்பாக முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர் திசைகளில் குறுக்காக ஓடும் நூல் அமைப்பில் இந்தத் தொல்லை குறைவு.

முழு ரப்பர் ஹோஸ் உறுதியானது, நீண்ட காலம் உழைப்பது, மடிப்பு விழாதது. ஆனால் 5/8 அங்குலத்தில் 15 மீட்டருக்கு நான்கு ஐந்து கிலோ, தண்ணீரோடு ஏழெட்டுக் கிலோ. லேசான ஹோஸ் தேடுகிறவருக்கு இதில் வேலையில்லை. ஸ்டீல் உறை போட்ட ஹோஸ்கள் லேசாகவும் முள்ளுக்கும் நாய்க்கும் அஞ்சாமலும் இருந்தாலும், உள்ளே இருப்பது மெல்லிய ட்யூப்தான். வெயிலில் உறை கையைச் சுடும். தட்டையாகச் சுருளும் துணி ஹோஸ்களை முழுவதும் அவிழ்த்தால்தான் தண்ணீர் ஓடும் என்பதால் பக்கத்துச் செடிக்கும் எல்லாவற்றையும் இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும் 3/8 அங்குல ஹோஸ் பால்கனித் தொட்டிகளுக்குச் சரி. தோட்டத்தில் செடிகளையும் கால்களையும் பின்னிக்கொள்ளும்.

ஹோஸைவிட அதன் இணைப்புகளே பலரைக் கைவிடுகின்றன. உலகின் பெரும்பாலான நாடுகளில் தோட்டக் குழாயின் மரை, அதாவது இணைப்பைத் திருகி ஏற்றும் புரி, பிரிட்டிஷ் முறைப்படி முக்கால் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 14 சுற்று. அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரையும் முக்கால் அங்குலம் என்றே சொல்லப்படும். ஆனால் அங்குலத்துக்கு பதினொன்றரைச் சுற்று, வெளிவிட்டமும் சற்றுப் பெரிது. முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு இறுகி நின்று ஓரத்தில் ஒழுகும். அதை மேலும் முறுக்கினால் மரைதான் கெடும். இணையம்வழி ஹோஸ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் விசாரித்துக்கொள்ள வேண்டும். அலுமினிய இணைப்புகள் லேசானவை என்று விளம்பரப்படுத்தப்படுகின்றன. பித்தளைக் குழாயில் அவற்றைத் திருகி ஈரத்தோடு விட்டுவைத்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே அரிப்பு ஏற்பட்டு, சில மாதங்களில் கழற்றவே முடியாதபடி பிடித்துக்கொள்ளும். நாற்பது ஐம்பது கிராமை மிச்சப்படுத்துவதற்காகக் குழாயையே இழக்க வேண்டியதில்லை. குழாய்ப் பக்கம் பித்தளை, கைப்பக்கம் நல்ல பிளாஸ்டிக் என்பதே சரியான சேர்க்கை. கையில் தூக்கிப் பிடிப்பது கைப்பக்கத்து முனையைத்தான்.

விரல் வலி உள்ளவர்களுக்குத் திருகும் இணைப்பே ஒரு தண்டனை. அழுத்தினால் மாட்டிக்கொண்டு, வளையத்தை இழுத்தால் கழன்றுவிடும் கிளிக் இணைப்பை ஜெர்மனியின் கார்டெனா நிறுவனம் 1968-இல் அறிமுகப்படுத்தியது; இன்று அந்த அளவையே பின்பற்றிப் பல நிறுவனங்கள் இணைப்புகளைச் செய்வதால் மாற்றிக்கொள்வது எளிது. குழாயில் ஒருமுறை இதை மாட்டிவிட்டால் பிறகு திருகும் வேலையே இல்லை. நாசிலுக்கு முன்னால் சுழலும் இணைப்பு ஒன்றையும் வைத்தால், கையைத் திருப்பும்போது ஹோஸ் முறுக்கேறாது. மடிப்பு விழுவதில் பாதி இந்த முறுக்கினால்தான் என்பதால் அந்தச் சின்ன வசதிக்கு நான் பெரிய மதிப்பெண் தருவேன்.

நாசிலைத் தேர்ந்தெடுக்கும்போது, தண்ணீர் வரும் நேரம் முழுவதும் விரல்களால் இறுக்கிப் பிடிக்க வேண்டிய துப்பாக்கி வகையைத் தவிருங்கள். பெருவிரலால் முன்னும் பின்னும் தள்ளும் வால்வு உள்ள நாசிலில், ஒருமுறை தள்ளிவிட்டால் பிடியைத் தளர்த்தியே தண்ணீர் விடலாம். அது மெல்ல மூடுவதால் ஹோஸில் அழுத்த அதிர்ச்சியும் குறையும். எட்டாத தொட்டிகளுக்கு நீண்ட கோல் வகை நல்லது. ஆனால் கோலின் முனை கனமாக இருந்தால் மணிக்கட்டுக்குத்தான் சுமை. ஆகவே கோல் மெல்லிய அலுமினியத்தில், பூத்தூவும் தலை பிளாஸ்டிக்கில் இருப்பதைப் பாருங்கள்.

வெயிலில் கிடக்கும் ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். குழந்தைகள் விளையாட ஹோஸைத் திறந்துவிடுவதற்கு முன், தண்ணீர் குளிர்ச்சியாக வரும்வரை ஓரமாக ஓடவிட வேண்டும். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில், குறிப்பாக 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையில், லெஜியனெல்லா என்ற நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா பெருகக்கூடும். பல நாள் பயன்படுத்தாத ஹோஸில் தெளிப்பான் முனையை மாட்டி முகத்தருகே நுண்துளிகளாகத் தெளிப்பதற்கு முன்னால், நாசிலைக் கழற்றிவிட்டுப் பழைய தண்ணீரை வெளியேற்றிவிடுவது நல்லது. முதியவர்கள் உள்ள வீட்டில் இதை நான் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறேன். தண்ணீரைத் தானே வெளியே தள்ளிவிடுவது விரியும் ஹோஸுக்கு இந்த வகையில் ஒரு நிறை.

கடையில் ஹோஸைப் பார்க்கும்போது தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முனையிலிருந்து இரண்டு முழம் அவிழ்த்து, பெரிய தட்டின் அளவுக்கு வட்டமாக வளைத்துப் பாருங்கள். அந்த வளைவிலேயே மடங்கினால் அதை வைத்துவிடுங்கள். வளைத்ததை விட்டதும் எவ்வளவு தூரம் தானாக நேராகிறது என்பதைக் கவனியுங்கள். வெட்டுமுகத்தில் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வெடிக்கும் அழுத்தத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், பயன்பாட்டு அழுத்தம் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான் என்று கொள்ளுங்கள்; வெயிலில் அது இன்னும் இறங்கும். மேற்கொண்டு உள்விட்டத்தையும் நீளத்தையும் வைத்துத் தண்ணீரின் எடையை அங்கேயே கணக்கிட்டு, பெட்டியில் போட்ட எடையோடு கூட்டிப் பாருங்கள். நல்ல அழுத்தம் உள்ள வீட்டில் அந்தக் கூட்டுத்தொகை நான்கு கிலோவுக்குள் வரும் பாலியூரிதேன் அல்லது கலப்பு ஹோஸை முதியவர் கையில் தயங்காமல் கொடுக்கலாம். ஐந்து கிலோவைத் தாண்டினால், எத்தனை லேசானது என்று பெட்டி சொன்னாலும், அதை அவருக்காக வாங்க வேண்டாம்.